பாக் முதல் காஓர் வரை: 26 கி.மீ நடையும் ஒரு தண்ணீர்க் கணக்கும்

தென்மேற்கு பிரான்ஸில் கெர்சி என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கே பாக் என்ற சின்னக் கிராமத்திலிருந்து காஓர் நகரம் வரை ஒரே நாளில் நடந்தோம். போன ஜூன் மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் மூன்று பேர்: நான், என் அக்கா, அவள் மகன். அக்காவுக்கு 52 வயது, பையனுக்கு 19. இருவரும் புதுச்சேரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார்கள். நான் துலூஸில் வேலை பார்க்கிறேன். திட்டம் முழுவதும் நான் போட்டது.

அன்று மதியம் மூன்று மணிக்கு, 17-வது கிலோமீட்டரில், அக்கா நடக்க முடியாமல் வழியோரக் கற்சுவரில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய ஆபத்து இல்லாமல் மீண்டு வந்தோம். ஆனால் அந்த நிலைமைக்கு வந்தது தற்செயலாக நடந்ததில்லை. முதல் நாள் இரவு ஓட்டல் மேசையில் நான் போட்ட கணக்கிலேயே அது இருந்தது. எந்த முடிவு எங்கே இடறியது, எந்த முடிவு எங்களைக் காப்பாற்றியது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். பிரான்ஸின் கிராமப்புறத்தில் நீண்ட பகல் நடைக்குத் திட்டமிடும் யாருக்காவது இது உதவும்.

ஏன் இந்த வழி

பிரான்ஸில் நெடும்பாதைகளை 'ஜிஆர்' என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் சேர்த்து அழைக்கிறார்கள். ஜிஆர் 65 என்பது ல பூய் நகரத்திலிருந்து தொடங்கி, ஸ்பெயினின் சாந்தியாகோவுக்குப் போகும் பழைய யாத்திரை வழியை ஒட்டிச் செல்வது. 1998-இல் யுனெஸ்கோ பிரான்ஸிலுள்ள சாந்தியாகோ வழிகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 71 கட்டடங்களோடு பாதையின் 7 துண்டுகளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏழுமே ஜிஆர் 65-இல் இருப்பவை. அவற்றில் ஒன்றுதான் பாக்–காஓர், 26 கி.மீ.

ஒரு நாள்தான் இருக்கிறது, ஆனால் இந்த மண்ணை நடந்து பார்க்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல துண்டு கிடைப்பது கடினம். பாக் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காஓர் லோத் ஆற்றின் வளைவுக்குள், 120 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அதாவது மொத்தத்தில் இறக்கம். நடுவில் பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. பாதையின் நீண்ட பகுதி ரோமர் காலச் சாலையின் மேலேயே போகிறது. ஊர்க்காரர்கள் அதைக் கமி ஃபெர்ராத் என்கிறார்கள். இரண்டு பக்கமும் பாசி படிந்த தாழ்வான கற்சுவர், அதற்கப்பால் குட்டையான ஓக் மரங்கள், ஜூனிப்பர் புதர்கள். ஒரு நேர்க்கோடு மாதிரிப் பாதை முன்னே போய்க்கொண்டே இருக்கும்.

இந்த எளிமைதான் என்னை ஏமாற்றியது. உயரக் கோட்டைப் பார்த்து, கிலோமீட்டரைப் பார்த்து, "அக்காவும் நடக்கக்கூடிய வழி" என்று முடிவு செய்துவிட்டேன். அந்த நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

அந்த நிலம்

கெர்சியின் இந்தப் பீடபூமிகளைக் 'கோஸ்' என்று சொல்வார்கள். பாக் இருப்பது லிமோஞ் கோஸில். முழுக்க முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஜுராசிக் காலத்தில் கடலடியில் படிந்த பாறை இது. மழை பெய்தால் நீர் மேலே ஓடாது. விரிசல்கள் வழியாக நேரே உள்ளே இறங்கிவிடும். ஆறுகள் பூமிக்கு அடியில் ஓடி, எங்கேயோ ஒரு பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் ஊற்றாகப் பீறிடும். அதனால் பீடபூமியின் மேலே ஓடை என்பதே ஏறக்குறைய கிடையாது. மழை நிறையப் பெய்யும் நாடு, பார்க்கும் இடமெல்லாம் பச்சை, ஆனால் குடிக்க ஒரு சொட்டு மேலே நிற்காது.

இங்கே வாழ்ந்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஊருக்கு ஊர் களிமண் பூசிய குட்டைகள் உண்டு. அவற்றை 'லாக்' என்கிறார்கள். பொதுப் பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ஏரி என்று பொருள். கோஸில் அது ஆடு குடிக்கும் குட்டை. கொஞ்சம் வடக்கே உள்ள பீடபூமியில் பாறையையே குடைந்து செய்த சிறு தொட்டிகள் உண்டு. பழைய பேரரசர் சார்லமேனின் படையில் இருந்து துறவியான நம்ஃபேஸ் என்ற புனிதர் ஆடுமாடுகளுக்காகக் குடைந்தவை அவை என்று ஒரு கதை சொல்வார்கள். ஒரு மக்கள் கூட்டம் தண்ணீரை இத்தனை நினைவில் வைத்திருக்கிறது என்றாலே, அங்கே நடக்கப் போகிறவருக்கு அது போதுமான எச்சரிக்கை.

நான் வரைபடம் பார்த்தேன். தேசிய வரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 தாள்தான். நான்கு செ.மீ என்றால் ஒரு கி.மீ. 26 கி.மீ என்றால் மேசையில் ஒரு மீட்டருக்கும் மேலே நீளும். வழியை ஒட்டிச் சிறு சிறு நீலப் புள்ளிகள் இருந்தன. "தண்ணீர் இருக்கிறது" என்று மனதில் குறித்துக்கொண்டேன். அந்தப் புள்ளிகள் எல்லாம் அந்தக் குட்டைகள். ஜூன் கடைசியில் பாதி வற்றி, பச்சை நுரை கட்டி, தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. வரைபடத்தில் பிழை எதுவும் இல்லை. நீலம் என்றால் குடிநீர் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

திட்டத்தில் சரியாகச் செய்தது

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். பின்னால் எங்களைக் காப்பாற்றியது இதுதான்.

இது வட்டமாகச் சுற்றி வரும் வழி இல்லை. ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிவது. அப்படிப்பட்ட வழியில் இரண்டு விதமாகத் திட்டமிடலாம். காலையில் நடக்கத் தொடங்கி, மாலையில் மறுமுனையில் பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்துத் திரும்புவது ஒன்று. காலையிலேயே வண்டியில் தூர முனைக்குப் போய், தங்கும் இடத்தை நோக்கி நடந்து வருவது இன்னொன்று. பிரான்ஸின் கிராமப்புறத்தில் இரண்டாவதுதான் நல்லது. வட்டார பஸ்கள் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டுதான் ஓடும். பல தடங்கள் பள்ளி நாட்களை ஒட்டி ஓடுபவை, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மாலையில் பிடிக்க வேண்டிய வண்டி ஒன்று இருந்தால், நாள் முழுக்க அது முதுகுக்குப் பின்னால் நின்று விரட்டும். களைத்தவரை உட்கார விடாது.

நாங்கள் காஓரில் இரண்டு இரவுக்கு அறை எடுத்தோம். துலூஸிலிருந்து பாரிஸ் போகும் ரயில் பாதையில்தான் காஓர் இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரப் பயணம். சனிக்கிழமை காலையில் பேராலயத்தின் முன் சந்தை கூடும். ரொட்டி, ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ், தக்காளி, பாதாமி எல்லாம் அங்கேயே வாங்கினோம். பாதையில் கடை இருக்கும் என்று நம்பவில்லை, அது சரியான முடிவு. கிராமக் கடை என்று ஒன்று இருந்தாலும் மதியம் பன்னிரண்டரைக்கு மூடி நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் திறக்கவே திறக்காது, திங்களும் பல கடைகளுக்கு விடுமுறை.

வழி தவறும் பயமும் இல்லை. ஜிஆர் பாதையில் வெள்ளைப் பட்டையும் அதன் கீழே சிவப்புப் பட்டையும் மரத்திலும் கல்லிலும் வரைந்திருப்பார்கள். திருப்பத்தில் அம்பு இருக்கும். இரண்டு நிறமும் குறுக்காக எக்ஸ் போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. மஞ்சள் ஒற்றைப் பட்டை வேறு சிறு வழிகளுக்கானது, அதைப் பின்தொடரக் கூடாது. பையனுக்கு இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்தேன். நாள் முழுக்க அவன்தான் முன்னால் போய்க் குறி பார்த்தான், ஒரு முறைகூடத் தவறவில்லை.

முதல் சறுக்கல்: டாக்ஸி

காலை ஆறரைக்கு வண்டி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முன்னால் வர முடியாது என்றார்கள். கட்டணமும் ஞாயிறு விலை. நான் வேறு யாரையும் கேட்டுப் பார்க்காமல் சரி என்றேன். யாத்ரிகர்களின் மூட்டையையும் ஆளையும் ஊர்விட்டு ஊர் ஏற்றிச் செல்லும் வண்டிகள் இந்தப் பாதை முழுக்க உண்டு. அவர்களிடம் இரண்டு நாள் முன்னதாகக் கேட்டிருக்க வேண்டும். அல்லது சனி இரவையே பாக் பக்கம் கழித்திருக்க வேண்டும். கோஸில் யாத்ரிகர் விடுதிகளுக்குக் குறைவில்லை, பக்கத்து வெய்லா கிராமத்துக் கன்னியர் மடத்தில்கூடப் படுக்கை கிடைக்கும்.

எட்டே முக்காலுக்குப் பாக் தேவாலயத்தின் முன் இறங்கினோம். இசைமேதை பாக்கின் பெயரை எழுதும் அதே நான்கு எழுத்துகள்தான் ஊர்ப் பலகையில் இருந்தன. பையன் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டான். ஊரை ஒட்டி 1870-களில் பாஸ்பேட் தோண்டிய குழிகள் இருக்கின்றன. உரத்துக்காகத் தோண்டியபோது கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய விலங்குகளின் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. உலகம் முழுவதும் தொல்லுயிர் ஆய்வாளர்கள் கெர்சியை இந்தக் குழிகளால்தான் அறிவார்கள். நேரம் இருந்திருந்தால் உள்ளே இறங்கிப் பார்த்திருப்போம். தாமதமாகிவிட்டது என்று நடக்கத் தொடங்கினோம்.

அந்த அவசரத்தில் செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. பாக்கில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்து, பாட்டிலை மறுபடி நிரப்பியிருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர், காஓரில் நிரப்பியதோடு சரி.

காலை

முதல் மூன்று மணி நேரம் அற்புதமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அந்த நாளுக்கு நியாயம் செய்ததாக ஆகாது. காய்ந்த தைம் மூலிகைச் செடியின் வாசனை காற்றில் இருந்தது. கற்சுவர்களுக்கு நடுவே ஒரு கூம்புக் குடில், சாந்து வைக்காமல் கல்லின் மேல் கல் அடுக்கியே கூரை வரை எழுப்பியது. மேய்ப்பவர்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டியவை இவை, கஸெல் என்பார்கள். ஒரு மந்தை எதிர்ப்பட்டது. இந்த வட்டாரத்துச் செம்மறிகளுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கும், கண்ணாடி போட்ட மாதிரி. அக்கா நின்று நின்று பார்த்தாள்.

"வெயில் ஏறுதுடி" என்றாள் பதினோரு மணிக்கு.

"புதுச்சேரியில பார்க்காத வெயிலா அக்கா" என்றேன் நான்.

அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். நம் ஊர் வெயிலுக்குப் பழகியவருக்கு 34 டிகிரி ஒன்றும் செய்யாது என்று உண்மையாகவே நம்பினேன். நம் ஊரில் கத்திரி வெயிலில் யாரும் ஆறு மணி நேரம் முதுகில் பையோடு நடப்பதில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. பழக்கம் என்று நான் நினைத்தது வெயிலிலிருந்து ஒதுங்கி இருக்கும் பழக்கம். இன்னொன்றும் உண்டு. கடலோரத்தில் வியர்வை உடம்பிலேயே ஒட்டி நிற்கும், சட்டை நனையும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். கோஸின் வறண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். எவ்வளவு நீர் போனது என்பது உடம்புக்கே தெரியாது.

பன்னிரண்டேகாலுக்குப் பாதி வழி, 13 கி.மீ. ஓக் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒன்றேகால் லிட்டர் அதற்குள் போயிருந்தது.

பெரிய தவறு: கடிகாரம்

"உச்சி வெயில் தணியட்டும், தூங்கிவிட்டுப் போகலாம்" என்று சொன்னது நான்தான். ஒன்றே முக்கால் வரை படுத்திருந்தோம். சாப்பிட்டதிலும் விழித்ததிலும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போனது. எழுந்தபோது ஆளுக்கு அரை லிட்டர் மிச்சம்.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சித்தி, நிழல் இன்னும் காலுக்கடியிலயே இருக்கு" என்றான்.

அவன் சொன்னது சரி. அப்போதுதான் உச்சி வேளை.

பிரான்ஸ் இருப்பது கிரீனிச் கோட்டுக்குப் பக்கத்தில். ஆனால் அதன் கடிகாரம் மத்திய ஐரோப்பிய நேரத்தைக் காட்டுகிறது. 1940-இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், போர் முடிந்த பின்னும் அப்படியே நின்றுவிட்டது. 1976 முதல் கோடையில் இன்னொரு மணி நேரமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து, ஜூன் கடைசியில் காஓரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய இரண்டு மணிக்கு. புதுச்சேரியில் அதே நாளில் பன்னிரண்டேகாலுக்கு. தரையும் பாறையும் சூடேறிக் காற்று மிகக் கொதிப்பது உச்சிக்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, அதாவது மாலை ஐந்து மணி வாக்கில்.

இந்த நாட்டில் வருடக்கணக்காக இருக்கிறேன். கோடையில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதை ஒவ்வொரு வருடமும் ரசிக்கிறேன். அந்த வெளிச்சத்தின் மறுபக்கம் இது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வெயில் முற்றாத நேரத்தில் நிழலில் படுத்திருந்துவிட்டு, முற்றத் தொடங்கும் நேரத்தில் எல்லோரையும் எழுப்பி நடக்கவைத்தேன். நாளின் எல்லாப் பிழைகளிலும் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். தண்ணீர் குறைவாக எடுத்ததுகூட இதற்கு அடுத்தபடிதான்.

மூன்று மணி

இந்த ஓக் மரங்கள் ஆறேழு மீட்டர்தான் வளரும். மண் ஆழம் இல்லாததால் அவ்வளவுதான். இலைக்கூரை மெல்லியது, சூரியன் தலைக்கு மேலே இருக்கும்போது பாதையில் நிழல் விழாது. வெள்ளைக் கல் கீழிருந்தும் சுட்டது. அக்கா முதலில் பேச்சை நிறுத்தினாள். அப்புறம் தலைவலி என்றாள். கையைப் பிடித்துப் பார்த்தேன், ரோமம் சிலிர்த்திருந்தது. மூன்று மணிக்கு உட்கார்ந்துவிட்டாள், வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

அந்த இடத்தில் செய்தவற்றை எழுதுகிறேன். தொப்பியையும் பையையும் கழற்றி, சுவரின் நிழல் பக்கம் உட்காரவைத்தோம். மிச்சத் தண்ணீரில் துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். மூன்று விஷயங்களைப் பார்த்தேன்: பேச்சு தெளிவாக இருக்கிறதா, வியர்க்கிறதா, குடித்த தண்ணீர் தங்குகிறதா. மூன்றுக்கும் ஆம். பேச்சு குழறினாலோ, நடத்தை மாறினாலோ, உடம்பு தீயாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம், அந்த நிமிடமே 15 அல்லது 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். என் கைபேசியில் சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. ஆனாலும் 112-க்கு எந்த நிறுவனத்தின் அலை கிடைத்தாலும் போதும்.

பையன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அரை கிலோமீட்டரில் நான்கைந்து வீடுகள் இருந்தன. மெல்ல நடத்திக் கூட்டிப் போனோம். பலகணிகள் எல்லாம் சாத்தியிருந்தன, ஊரில் யாருமே இல்லை என்று தோன்றும். உண்மையில் அவர்கள்தான் சரியாக இருந்தார்கள், வெயில் நேரத்தில் கதவைச் சாத்தி உள்ளே இருந்தார்கள். முதல் வீட்டில் மணியடித்தேன்.

இங்கே ஒரு சொல் முக்கியம். பிரான்ஸில் எதைக் கேட்பதற்கு முன்னாலும் 'போன்ஜூர்' சொல்ல வேண்டும். அவசரத்தில் நேரே "தண்ணீர்" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். ஒரு வணக்கம் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் கேட்டால் வீட்டையே திறந்துவிடுவார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா கதவைத் திறந்தார். அக்காவை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கல் தரை போட்ட கீழறையில் உட்காரவைத்து, தண்ணீரில் புதினா சர்க்கரைப்பாகு கலந்து கொடுத்தார். ஒரு தட்டில் உப்பு பிஸ்கட்டும் வைத்தார். அந்தச் சர்க்கரையும் உப்பும்தான் அக்காவுக்குத் தேவைப்பட்டவை.

அரை மணியில் அக்காவின் முகத்தில் நிறம் திரும்பியது. "நடந்துடலாம்டி" என்றாள். அந்த அம்மா சாளரத்தைக் காட்டி, "ஆறு மணிக்கு முன்னால் வேண்டாம்" என்றார்.

இங்கேதான் முதல் நாள் எடுத்த அந்த ஒரு நல்ல முடிவு கைகொடுத்தது. பிடிக்க ரயில் இல்லை, பஸ் இல்லை. அறை எங்களுடையது, சாவி என் பையில் இருந்தது. சூரியன் மறைய ஒன்பதே முக்கால் ஆகும். மூன்று மணி நேரம் அந்த அறையில் உட்கார்ந்திருக்க எங்களால் முடிந்தது. ஆறு மணிக்கு ஒரு கடைசி ரயில் இருந்திருந்தால், "நடந்துடலாம்" என்று அக்கா சொன்ன அந்த நிமிடமே நான் கிளப்பியிருப்பேன். என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஆறேகாலுக்குக் கிளம்பினோம். பாட்டில்கள் நிறைந்திருந்தன, பனிக்கட்டியாக உறைந்த இன்னொரு பாட்டிலையும் அந்த அம்மா கொடுத்திருந்தார். ஏ20 நெடுஞ்சாலையைக் கடந்த பிறகு காற்று மாறியது. கடைசியில் பாதை குன்றின் விளிம்புக்கு வந்து நின்றது. கீழே லோத் ஆறு வளைந்து, காஓர் முழுவதையும் ஒரு கைக்குள் வைத்திருந்தது. பேராலயத்தின் இரண்டு கவிகை மாடங்கள் தெரிந்தன. அங்கிருந்து செங்குத்தான இறக்கம், 26 கி.மீ நடந்த முழங்காலுக்குக் கடுமையானது. லூயி-ஃபிலிப் பாலத்தில் கால் வைத்தபோது எட்டு ஐம்பது.

கணக்கை மறுபடி போட்டபோது

பிரான்ஸில் நடைநேரத்துக்கு வழக்கமான கணக்கு மணிக்கு 4 கி.மீ. அதன்படி 26 கி.மீக்கு ஆறரை மணி நேரம், இளைப்பாறல் ஒன்றரை மணி, ஆக எட்டு மணி. ஐந்து மணிக்குள் முடிந்துவிடும் என்றுதான் தாளில் எழுதியிருந்தேன். அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் நான் தூரத்தை மட்டும் நேரமாக மாற்றினேன். நேரத்தைத் தண்ணீராக மாற்றவில்லை. மிதமான நாளில் நடப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர் வேண்டும், கடும் வெயிலில் முக்கால் முதல் ஒரு லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு நான்கு லிட்டருக்கும் மேல். நான் எடுத்தது அதில் பாதி. நான்கு லிட்டரைச் சுமக்க முடியாதென்றால் நடுவில் எங்கே நிரப்புவது என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அதுவும் தெரியாதென்றால் அந்த நாளில் அந்த வழியில் போகக் கூடாது.

நிரப்பும் இடங்களைத் தேடும் முறையையும் பிறகுதான் கற்றேன். பிரெஞ்சுக் கிராமக் கல்லறைத் தோட்டங்களில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். பழைய யாத்ரிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. வரைபடத்தில் கல்லறைக்குத் தனிக் குறி உண்டு. 'குடிக்கத் தகாத நீர்' என்ற பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். நீலப் புள்ளிகளைத் தேடிய நேரத்தில் நான் கல்லறைகளைத் தேடியிருக்கலாம்.

நான் செய்யாத இன்னொன்று, வெளியேறும் இடங்களைக் குறிப்பது. பாதையை எங்கெங்கே தார்ச்சாலை வெட்டுகிறது, அங்கே வண்டி வரவழைக்க எந்த ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று மூன்று இடங்களையாவது எழுதி வைத்திருக்க வேண்டும். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து சாலை எவ்வளவு தூரம் என்பது அன்று எனக்குத் தெரியாது. வானிலைத் துறை மாவட்டம் மாவட்டமாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. அன்று மஞ்சள். ஆரஞ்சு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நீண்ட நடைக்கு மஞ்சளே போதுமான காரணம், இரண்டு நாள் தள்ளிப்போட எங்களுக்கு இடம் இருந்தது.

இரண்டாவது முறை

அக்டோபர் தொடக்கத்தில் அதே வழியை மறுபடி நடந்தேன். அக்கா ஊருக்குத் திரும்பியிருந்தாள். பையன் ஒரு மாதப் பயிற்சிக்காகத் துலூஸுக்கு வந்திருந்தான், அவனும் நானும்தான்.

இந்த முறை வியாழக்கிழமை. செப்டம்பர் நடுவில் வேட்டைப் பருவம் தொடங்கிவிடும். சனி ஞாயிறுகளில்தான் காட்டுப்பன்றி வேட்டை அதிகம், அதைத் தவிர்க்க நினைத்தேன். ஆனாலும் இரண்டு பேரும் ஆரஞ்சு நிற மேற்சட்டை போட்டிருந்தோம். முதல் நாள் இரவு கோஸின் மேலேயே தங்கினோம். பிரான்ஸில் இரவு வானத்தில் விளக்கொளி மிகக் குறைந்த இடங்களில் ஒன்று இந்தப் பீடபூமி. நள்ளிரவில் வெளியே வந்து பால்வீதியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். அக்டோபரில் விடிவதே ஏழே முக்காலுக்குத்தான், எட்டு மணிக்குப் பாக்கில் இருந்தோம். தாளில் இரண்டு கல்லறைக் குழாய்கள், மூன்று சாலைச் சந்திப்புகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊர்ப் பெயர். ஆளுக்கு இரண்டரை லிட்டர். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் சுண்ணாம்புக்கல் வழுக்கியது, அதற்காகக் கடைசி இறக்கத்துக்குக் கூடுதலாக அரை மணி ஒதுக்கியிருந்தேன். கைத்தடியும் கொண்டு போயிருந்தோம்.

பதினேழாவது கிலோமீட்டரைத் தாண்டி அந்த வீட்டின் மணியை அடித்தோம். அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவையும், அந்தக் கோடையில் உறைந்த தண்ணீரோடு கொண்டுபோன பாட்டிலையும் கொடுத்தோம். பாட்டிலை எதற்குத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டு அந்த அம்மா சிரித்தார். அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய் நிரப்பிப் பையன் கையிலேயே கொடுத்தார்.

நாலே காலுக்குப் பாலத்தை அடைந்தோம். என்னிடம் முக்கால் லிட்டர் மிச்சம் இருந்தது. அவன் அந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை.